பாண்டிச்சேரி பெட்ரோல்

என் கணவருக்கு ஊர் என்றால் பெட்ரோல் விலைதான். மதுரை என்றதும் மற்றவர்களுக்குக் கோயில் நினைவுக்கு வரும், பெங்களூரு என்றதும் குளிர் நினைவுக்கு வரும். இவருக்கு அங்கே இன்றைக்கு லிட்டர் என்ன போகிறது என்பது மட்டும்தான் தோன்றும். நெல்லூரில் என் பெரியப்பா மகன் தவறிப்போனபோது காரில் போய்த் துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பினோம். போகும்போது வாடியிருந்த மனிதர், தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்ததும் தெளிந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவம், மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"ஆந்திராவுல நம்மளை விட எவ்வளவு ஜாஸ்தி பாத்தியா? நல்லவேளை, போறச்சயே இங்க ரொப்பிண்டு போனோம்" என்றார்.

செத்தவன் இவரோடு சீட்டாடியவன், இவர் மடியில் படுத்துத் தூங்கியவன். அன்று வீடு வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பைத்தியம் முற்றியது. காலையில் கண் விழித்ததும் கைபேசியில் அன்றைய விலை. ஒரே நகரத்துக்குள்ளேயே பங்க்குக்குப் பங்க் சில காசுகள் முன்னே பின்னே இருக்கும் என்பது எனக்கு இவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். லஸ் பக்கம் ஒரு விலை, அடையாறு பாலம் தாண்டினால் ஒரு விலை, கிண்டியில் வேறொரு விலை. தி. நகரில் புடவை எடுக்க வேண்டும் என்று மயிலாப்பூரில் இருந்து கிளம்பினால் கிண்டியைச் சுற்றிக்கொண்டு போவோம். மெட்ரோ வேலைக்காகத் தெருவெங்கும் தகரம் அடித்து வைத்திருக்கிற இந்த நாளில், அந்தச் சில காசை மிச்சம் பிடிக்கப் போய் நெரிசலில் நின்று அதைவிட அதிகமாகப் பெட்ரோலை எரிப்போம். இதை எடுத்துச் சொன்னால் "உனக்குக் கொள்கை புரியாது" என்பார்.

அப்படிப்பட்டவர் பாண்டிச்சேரியைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? முதல்முறை போனபோது நானும் கூட இருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி, உப்பளமெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். அதே சாலை, அதே சவுக்கு மரம், அதே இளநீர்க் கடை. திடீரென்று வரிசையாகப் பெட்ரோல் பங்க்குகள், ஒன்றை ஒட்டி ஒன்று. எல்லாவற்றிலும் நம் ஊர் நம்பர் பிளேட் வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன. லிட்டருக்குக் காசுக் கணக்கில் இல்லை, ரூபாய்க் கணக்கில் குறைவு. அங்கே வரி குறைச்சலாம். உண்மையைச் சொன்னால் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. தரையில் ஒரு கோடுகூட இல்லை. நாலு தென்னை தள்ளி நின்றால் ஒரு விலை, இந்தப் பக்கம் நின்றால் ஒரு விலை. அதே கம்பெனி, அதே லாரி, அதே பெட்ரோல். இப்படிக்கூடவா செய்வார்கள் என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருக்க, இவர் கண் கலங்கி நின்றார். கல்யாணத்தில் என் கழுத்தில் தாலி கட்டியபோதுகூட அந்தக் கண் கலங்கவில்லை.

அதிலிருந்து மாதம் தவறாமல் பாண்டிச்சேரி. பிள்ளையார் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்வார். போக வர எரிவதைக் கழித்தால் லாபம் எங்கே என்று ஒருமுறை கேட்டேன். கோயிலுக்குப் போவதை யாராவது கணக்குப் பார்ப்பார்களா என்று திருப்பிக் கேட்டார். மனிதர் சந்தோஷமாக இருக்கிறார், குடி கிடையாது, சீட்டுப் பழக்கமும் விட்டாயிற்று, பெட்ரோல் பைத்தியம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

இனி என் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் எங்கள் இருவருக்குமே வந்தது. இவர் இரண்டு நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டார். எனக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வாசனை போய்விட்டது. ஒருநாள் காலை காபிப் பொடியில் வெந்நீர் ஊற்றுகிறேன், ஒன்றுமே வரவில்லை. பொடியைக் கையில் அள்ளி மூக்கில் வைத்து உறிஞ்சினேன். தும்மல்தான் வந்தது. எல்லாருக்கும் வந்துவிடும், உங்களுக்கும் வந்துவிடும் என்றார் டாக்டர். எல்லாருக்கும் வந்தது. எனக்கு உப்பு, புளி, காரம் நாக்கில் தெரிகிறதே தவிர, மூக்கு திரும்பவே இல்லை. மாட வீதியில் மல்லிகை வாங்கும்போது பூக்காரி "மோந்து பாரும்மா, இன்னிக்குப் பறிச்சது" என்று நீட்டுவாள். நானும் மோந்துபார்த்து "பேஷ்" என்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வருவேன். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லி இரக்கம் வாங்க எனக்குப் பிடிக்கவில்லை.

பூ போனால் போகிறது. சமையலறைதான் பயமாக இருந்தது. சாம்பார் அடிப்பிடித்துக் கரியாகி, புகை கண்ணில் பட்ட பிறகே தெரிந்துகொண்டேன். பால் கெட்டது தெரியாமல் காபி போட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தேன். அதெல்லாம் மானம் போகிற விஷயம், அவ்வளவுதான். கேஸ் கசிந்தால்? அந்த எண்ணம் வந்த நாளில் இருந்து லைட்டரைக் கையில் எடுத்தால் அழுத்தாமலே கீழே வைத்துவிடுவேன்.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் நான் சமையலறையில் நின்றபடி குரல் கொடுப்பேன்.

"ஏன்னா, வாசனை ஏதாவது வரதா?"

"ஒண்ணும் வரலை. ஏத்து."

அதற்குப் பிறகுதான் ஏற்றுவேன். மத்தியானமும் சாயங்காலமும் இதே கேள்விதான், இதே பதில்தான். அவர் வெளியே போயிருந்தால் அடுப்பே கிடையாது, தயிர் சாதம்தான். அவருடைய மூக்கை வைத்துத்தான் நான் சமைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதரை இவ்வளவு முழுசாக நான் எதற்கும் நம்பியதில்லை. ஒரு விதத்தில் எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. அதை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் தை மாதம் பின் பால்கனியில் நீல நிறக் கேன்கள் வந்து சேர்ந்தன. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற, பாத்திரம் தேய்க்கிற சின்ன பால்கனி அது. இன்வெர்ட்டரும் அங்கேதான் இருக்கிறது. முதலில் ஒன்று, பிறகு இன்னும் சில, மேலே பழைய வேஷ்டியைப் போட்டு மூடியபடி.

"என்னதிது?"

"இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். மொத்தமா வாங்கினா சல்லிசு."

நம்பினேன். எதையும் மொத்தமாக வாங்கினால் சல்லிசு என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. துவைக்கிற சோப்பு கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறது, டார்ச் பேட்டரி அலமாரியில் அடைந்து கிடக்கிறது. பேட்டரித் தண்ணீர் பால்கனியில் நின்றால் நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்? கேன் இடத்தை அடைக்கிறதே என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, அதன் மேலேயே துணி கிளிப் டப்பாவை வைத்துக்கொண்டேன்.

நான் வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற குழந்தைகள் ஹாலில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடுவார்கள். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி ஹால், சாப்பிடுகிற இடம், சமையலறை, பின் பால்கனி என்று ஒரே கோட்டில் போகும். பால்கனி கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் கடல் காற்று கிளம்பினால் ஹால் வரைக்கும் ஜிலுஜிலுவென்று வரும், ஃபேனே தேவையில்லை. பெற்றோரிடம் அதைப் பெருமையாகச் சொல்வேன்.

அந்த வருடம் குழந்தைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒருத்திக்கு டியூஷன், ஒருத்திக்கு நீச்சல். நன்றாகப் பாடுகிற ஒரு பெண்ணின் அம்மா மட்டும் தயங்கித் தயங்கி, "இங்க வந்துட்டு வந்தா அவளுக்குத் தலைவலி வந்துடறது மாமி" என்றாள். எனக்குச் சுரீரென்றது. என் பாட்டைக் கேட்டால் தலை வலிக்கிறதாமா? அவளிடம் சிரித்துக்கொண்டே "பரவாயில்லைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வயதாகிவிட்டது, குரல் பிசிறுகிறது, சுருதி நழுவுவது எனக்கே கேட்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். கைபேசியில் என் குரலைப் பதிவு செய்து போட்டுப் போட்டுக் கேட்டேன். மூக்கு போனது போலக் காதும் போய்க்கொண்டிருக்கிறது என்று பயந்தேன். எனக்கும் தலை வலித்துக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

இவரிடம் சொல்லிப் புலம்பியபோது, "போறது போ, உனக்கும் ஓய்வு வேண்டாமா" என்றார். எவ்வளவு ஆதரவாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கார்த்திகை மாதம் வந்தபோது என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெண், அவளுக்கு எந்நேரமும் ஜலதோஷம்.

கார்த்திகை தீபத்தன்று காலையிலேயே இவர் பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். விளக்கு ஏற்றுவதற்குள் வந்துவிடுவேன் என்றார். நான் பொரி உருண்டை முன்தினமே பிடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் வாசலில் அகல் அடுக்கினேன், மாடிப்படியில் எங்கள் தளத்துக்கு உரிய இடத்தில் வைத்தேன், சுவாமி அலமாரியில் குத்துவிளக்கு. எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எந்த மூலையும் அன்று இருட்டாக இருக்கக் கூடாது. குளியலறையில் ஒன்று, கழிப்பறை வாசலில் ஒன்று, குப்பைக் கூடைக்குப் பக்கத்தில்கூட ஒன்று வைப்போம். கடைசியாகப் பின் பால்கனிக்கு ஒன்று. அதை ஏற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறையைத் தாண்டினேன்.

அந்த நேரத்தில் எதிர் வீட்டுப் பெண் பொரி கொண்டு வந்தாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக் குடும்பம். என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்பாள். வாசல் திறந்திருந்ததால் நேராக உள்ளே வந்தாள். நான் பால்கனிக் கதவைத் திறந்து, வழக்கமாக விளக்கு வைக்கிற இடத்தில், அதாவது அந்தக் கேன்களுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"அக்கா! நில்லுங்க! வைக்காதீங்க!"

பொரித் தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஓடி வந்தவள் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இழுத்து, என் கையில் எரிந்துகொண்டிருந்த திரியைத் தன் விரலால் நசுக்கி அணைத்தாள்.

கார்த்திகை விளக்கை ஒருத்தி என் கையிலேயே அணைக்கிறாள். எனக்கு வந்தது கோபம்தான்.

"என்ன காரியம்மா பண்றே? நாளும் கிழமையுமா!"

"என்னக்கா நீங்க, பெட்ரோல் பக்கத்துல போய் வெளக்கு வைக்கிய?"

"பெட்ரோலா? அது பேட்டரிக்கு ஊத்தற தண்ணி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வேஷ்டியை விலக்கினாள், ஒரு கேன் மூடியைத் திருகினாள். என் பக்கம் சாய்த்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் எரிந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது, எடுத்த மறுகணம் காய்ந்துபோயிற்று. தண்ணீர் அப்படிக் காயாது.

துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இன்வெர்ட்டர். கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்பு. தை மாதத்தில் இருந்து தினமும் மூன்று வேளை அந்த அடுப்பை ஏற்றியிருக்கிறேன். ஜமக்காளத்தில் குழந்தைகள் உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள்.

"வாசப்படி வரைக்கும் நாத்தம் அடிக்கில்லாக்கா. சாயங்காலமானா எங்க வீட்டுக்குள்ளயே வரும். நீங்க தெரிஞ்சுதான் வச்சிருக்கியன்னு நெனச்சேன். ஒரு நாள் சார்ட்டயே கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

அவள் சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை.

"மாமிக்கு மூக்கு தெரியாதே, அதனால அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லேன்னு சொன்னாங்க. சிரிச்சிக்கிட்டே சொன்னாங்கக்கா. சரி, குடும்ப விஷயம், நாம எதுக்குன்னு விட்டுட்டேன். தப்புதான்."

அதைக் கேட்டபோது என் உடம்பில் ஓடியதை என்ன சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. பயம் இல்லை, பயம் அதற்கு முன்னாலேயே வந்து போயாயிற்று. என் குறையை நான் யாரிடம் ஒப்படைத்தேனோ அவர் அதை எடுத்துத் தன் கேன்களுக்கு மூடியாகப் போட்டிருக்கிறார். பாட்டு, தலைவலி, நின்றுபோன குழந்தைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என் சுருதி நழுவவில்லை. அதற்குச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

நாங்கள் இருவரும் வீட்டுக்குள் இருந்த விளக்குகளை ஒவ்வொன்றாகக் குளிரவைத்தோம். சுவாமி விளக்கைக் கடைசியில் பூவால் அமர்த்தினேன். ஊரெல்லாம் ஏற்றுகிற வேளையில் எங்கள் வீடு மட்டும் இருட்டாக நின்றது. சுவிட்சைப் போடவும் பயமாக இருந்தது.

அப்போதுதான் இவர் வந்து சேர்ந்தார், முகமெல்லாம் மலர்ச்சியோடு.

"என்ன இருட்டா இருக்கு? விளக்கு ஏத்தலையா?"

நான் பால்கனியைக் காட்டினேன். எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பதறாதே. மூடி டைட்டாத்தான் போட்டிருக்கேன். இதுல ஒண்ணும் ஆகாது."

"கீழ கார்ல?"

கார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இருக்கிறது என்று அர்த்தம்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணு என்று நான் எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டில் பெட்ரோல் சேர்த்து வைத்ததற்குக் கேஸ் போட்டுவிடுவார்கள், பேப்பரில் வந்துவிடும், கீழே இறக்கிவிடுகிறேன் என்றார். வாட்ச்மேனைக் கூப்பிட்டோம். அவர் வாசல் வரைக்கும்தான் வந்தார்.

"இன்னா சார் இது, குண்டு வச்சிக்கினு கீறீங்க! லிஃப்டுல நான் ஏத்த உட மாட்டேன். எங்கனா பொறி தட்டிச்சுன்னா யாரு பதில் சொல்றது? படில எறக்கு சார்."

படியில் இறக்கலாம். ஆனால் அன்று கார்த்திகை. மூன்றாவது மாடியில் இருந்து தரை வரைக்கும் படிக்கு இரண்டு பக்கமும் அகல்கள் எரிந்துகொண்டிருந்தன.

எங்கள் தளத்து விளக்குகளை அமர்த்திவிட்டு, நானும் எதிர் வீட்டுப் பெண்ணும் முன்னால் இறங்கினோம். ஒவ்வொரு தளமாகக் கதவைத் தட்டினோம். பட்டுப் பாவாடை கட்டிய குழந்தைகளும், புடவை சரசரக்கப் பெண்களும் பட்சணத் தட்டோடு கதவைத் திறந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு நான் யார் வீட்டுக்கும் போகவில்லை, அதனால் எல்லாரும் "வாங்கோ வாங்கோ" என்றார்கள்.

"சித்த விளக்கெல்லாம் அணைச்சுடுங்கோ" என்றேன்.

"ஏத்தின கார்த்திகை விளக்கையா? என்ன மாமி பேசறேள்?" என்று இரண்டாவது மாடி மனிதர் சண்டைக்கு வந்தார். "பெட்ரோல் வரது" என்றேன். அவர் ஊதி அணைத்த வேகத்தில் வேறு யாரும் அணைத்திருக்க முடியாது.

தளம் தளமாக இருட்டியது. கைபேசி வெளிச்சத்தில் எல்லாரும் கதவோரம் ஒதுங்கி நிற்க, என் கணவர் இரண்டு கைகளிலும் கேனோடு இறங்கினார். மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. அந்த மௌனத்தில்தான் எனக்குப் புரிந்தது, இவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நாற்றம் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது. மாதக்கணக்காக எல்லாரும் முகர்ந்துகொண்டு, எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, மாமி மேல் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கட்டடத்திலேயே தெரியாதவள் நான் ஒருத்திதான்.

காரில் இருந்ததையும் சேர்த்துக் கேன்களைப் பின் மதில் ஓரம் வெட்டவெளியில் வைத்தார். மறுநாள் காலை அதற்கும் ஒரு கூத்து நடந்தது. அத்தனை பெட்ரோலையும் என்ன செய்வது என்று தெரியாமல், வேண்டியவர்கள் வண்டிக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று இவர் சொல்லிவிட்டார். இரவு கதவோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். விளக்கை அணைக்கச் சொன்னதற்குச் சண்டைக்கு வந்த இரண்டாவது மாடி மனிதர் டேங்க்கை ரொப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சார், அடுத்த தடவை எப்போ போறேள்?" என்றார். மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த மனிதர்களையெல்லாம் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய இரவு நடந்தது. கேன்களை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக் கழுவி வந்து உட்கார்ந்தவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"தினம் கேட்டேனே. வாசனை ஏதாவது வரதான்னு மூணு வேளையும் கேட்டேனே. வரலை வரலைன்னு சொன்னேளே."

அவர் நிமிர்ந்தே பார்த்தார். யோசித்துத்தான் சொன்னார், கோபத்தில் வாய் தவறிச் சொல்லவில்லை.

"நீ கேஸ் வாசனையைத்தானே கேட்டே? கேஸ் வாசனை ஒருநாளும் வரலை. நான் உங்கிட்ட பொய் சொல்லலை."

நாற்பது வயதில் இதைக் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். அன்று எனக்குக் கத்த வரவில்லை. இவரோடு இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேனே என்று அவரை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் கீழே பெட்ரோல் விநியோகம் முடிந்து மேலே வந்தவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். காபி வரும் என்று எதிர்பார்த்தார். நான் சமையலறையில் இருந்து லைட்டரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இனிமே அடுப்பை நீங்கதான் ஏத்தணும்."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"மூக்கு இருக்கில்லையோ. ஏத்துங்கோ. ஏத்தினப்பறம் நான் உள்ள வரேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டியபடி ஹாலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் சமையலறை நேராகத் தெரியும்.

அவர் அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். குமிழின் மேல் கை வைத்தார், எடுத்துவிட்டார். போய்ப் பால்கனிக் கதவை அகலத் திறந்தார். ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, சிலிண்டர் தலையில் மூக்கை வைத்து முகர்ந்தார். குழாயோடு மூக்கைக் கொண்டு போனார். எழுந்து பால்கனிக்குப் போய், கேன்கள் இருந்த ஈரத் தரையில் மறுபடி குனிந்து முகர்ந்தார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். வாளியில் தண்ணீர் பிடித்து அந்த இடத்தில் ஊற்றினார். திரும்பவும் வந்து சிலிண்டரை முகர்ந்தார்.

அத்தனை மாதம் நான் கேட்ட கேள்விக்கு அவர் நாற்காலியை விட்டு ஒருநாளும் எழுந்ததில்லை. பேப்பரில் இருந்து கண்ணைக்கூட எடுத்ததில்லை. இதை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

பிறகு குமிழைத் திருகி, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, முகத்தை முழுக்க அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, லைட்டரை அழுத்தினார்.